கங்காணியிடம் சொன்னது

தேங்காய்ப்பூ கருகும் வாசனைதான் முதலில் வந்தது. பஸ் நின்றுபோனதை அதற்குப் பிறகுதான் கவனித்தேன். பொல்பிட்டிய தாண்டி, கினிகத்தேனை ஏற்றத்தில் பாதி வழி. எஞ்சினிலிருந்து வெள்ளைப் புகை. சாலையோரக் கடையில் யாரோ சூடான தகட்டில் ரொட்டி தட்டிப் போட்டிருக்கிறார்கள். அந்த வாசனை மூக்கில் ஏறியதும் எனக்கு எட்டு வயது.

எட்டு வயதில் இந்த மலையைவிட்டு இறங்கினேன். தோட்டத்துத் தமிழர்கள் இந்தியாவா இலங்கையா என்று எழுதிக் கொடுக்க வேண்டியிருந்த காலம். அப்பா இந்தியாவுக்குப் போவதாக எழுதிக் கொடுத்திருந்தார். அக்கா ராசம்மாவை அந்த வருஷம்தான் கட்டிக் கொடுத்திருந்தோம். அவள் புகுந்த வீட்டார் இங்கேயே இருப்பதாக எழுதிக் கொடுத்தவர்கள். இரண்டு தாள், இரண்டு நாடு. புறப்பட்ட அன்று அக்கா விடியுமுன் எழுந்து ரொட்டி சுட்டு, துணியில் கட்டி, ஸ்டேஷனுக்குக் கொண்டுவந்தாள். என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. அம்மாவிடம் மட்டும் சொன்னாள்: "அவளுக்கு ஓரம் புடிக்காதும்மா. பிச்சுட்டுக் குடுங்க." கப்பலில் உட்கார்ந்து அந்த ரொட்டியைத் தின்றபோது, அக்காவுக்கு என்மேல் கோபம் என்று நினைத்துக்கொண்டேன். நாற்பது வருஷத்துக்கு மேல் அப்படியே நினைத்திருந்தேன். இடையில் இரண்டு தடவை திருச்சிக்கு வந்து போனாள். நான் கேட்கவில்லை, அவள் சொல்லவில்லை.

இப்போது அவளை அழைத்துப்போக வந்திருக்கிறேன். அவள் புருஷன், எங்கள் மாமா, இறந்து ஆறு வருஷம். மகன் கொழும்பில் குடும்பத்தோடு இருக்கிறான். கொட்டகலைப் பக்கத்துத் தோட்டத்தில், லயத்தின் ஒற்றை அறையில் அக்கா தனியாக. உறையூரில் நான் தனியாக. மகள் பெங்களூருக்குப் போனதிலிருந்து எங்கள் வீட்டில் குக்கரும் கடிகாரமும்தான் சத்தம் போடுகின்றன. மிச்ச வயதை ஒரே கூரையின் கீழ் கழித்துவிடலாம் என்று கேட்க வேண்டும். கேட்பதற்கு ஐந்து நாள் இருக்கிறது.

பஸ்ஸில் ஒரு பெண் சிங்களத்தில் டிரைவரிடம் ஏதோ கேட்டாள். அவர் கரிபடிந்த கையைத் துடைத்தபடி கடைப் பக்கம் காட்டி ஒரு வரி சொன்னார். உடனே எல்லோரும் எழுந்து இறங்கத் தொடங்கினார்கள். நான் மட்டும் உட்கார்ந்திருந்தேன். பக்கத்து இருக்கைக்காரர் யாழ்ப்பாணத்து ஆசிரியர், கொட்டகலையில் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறார். என்ன சொன்னார் என்று அவரிடம் கேட்டேன்.

"பஸ் எப்ப வெளிக்கிடும் எண்டு அந்த மனுசி கேட்டவ. அந்தக் கடையில ரொட்டி நல்லா இருக்குமெண்டு டிரைவர் சொல்லுறார்."

"அதுக்கும் இதுக்கும் என்னங்க சம்பந்தம்?"

"ஒரு மணித்தியாலத்துக்குக் குறையாது எண்டு அர்த்தம் அக்கா. இறங்குங்கோ."

ரொட்டி உண்மையிலேயே நன்றாக இருந்தது. மாசிக் கருவாடு இடித்த சம்பல், கண்ணீர் வரவைக்கும் காரம். பாலும் சீனியும் இல்லாத பிளேன்டீயைக் குடித்துக்கொண்டே, உள்ளங்கையில் தந்த சீனியை நக்கிக்கொள்ள வேண்டும். ஆசிரியர் சிரித்தார். "நான் இஞ்ச வந்து பதினொரு வருசம். முதல் வருசம் பிள்ளையள் கதைக்கிறது சொல்லுச் சொல்லா விளங்கும். ஆனா என்ன சொல்லுதுகள் எண்டு விளங்காது." எனக்கு அந்தச் சிக்கல் வராது, நான் இந்த மண்ணில் பிறந்தவள் என்றேன். அவர் தன் சீனியை நக்கிக்கொண்டார்.

ஹட்டன் வந்தபோது மழை. கொட்டகலையில் இறங்கியபோது மழை மூட்டமாக மாறியிருந்தது. திருச்சியில் வானம் தலைக்கு மேலே எங்கோ இருக்கும். இங்கே அது காலுக்கடியில் கிடக்கிறது, மிதித்துக்கொண்டு நடக்க வேண்டியிருக்கிறது. அக்கா குடையோடு நின்றாள். திருச்சியில் இரண்டு தடவை பார்த்த பிறகும் என்னைவிட ஒரு தலை உயரம் என்றே நினைவில் இருந்தவள், என் தோளுக்கு வந்திருந்தாள். கட்டிக்கொள்ளப் போனேன். "பையக் குடு, நனையுது" என்றாள்.

லயம் என்றால் ஒரே நீளக் கூரையின் கீழ் வரிசையாகக் குடித்தன அறைகள். முன்னால் எல்லா வாசலுக்கும் பொதுவாக ஓடும் தாழ்வாரத்தை இஸ்தோப்பு என்கிறார்கள். அக்காவின் வாசலுக்கும் பக்கத்து வாசலுக்கும் நடுவே பத்தடி. அந்தப் பத்தடியில், மண்ணெண்ணெய் அடுப்பைப் போல ஒரு சாம்பல்நிறப் பூனை குந்தியிருந்தது.

"இது பேரு கங்காணி" என்றாள் அக்கா. தோட்டத்தில் வேலையாட்களை மேய்க்கும் மேஸ்திரியின் பட்டம் அது. "வேல செய்யாது. சும்மா சுத்திச் சுத்தி வந்து எல்லாரையும் மொறைக்கும்."

கை கால் கழுவிவிட்டு வந்தபோது அக்கா பூனையோடு பேசிக்கொண்டிருந்தாள். "கங்காணி, பீலியில தண்ணி மெலிசா வருது. இப்பப் புடிச்சாத்தான் உண்டு." சொல்லி முடிக்கவில்லை, பக்கத்து அறையில் வாளி முழங்கியது. ஒல்லியான ஒரு பெண் வெளியே வந்து, எங்களைப் பார்க்காமல், தண்ணீர் விழும் பீலிப் பக்கம் போனாள். கழுத்தில் ஜெபமாலை. வாளியோடு திரும்பியவள் அதே பூனையிடம் நின்றாள். "கங்காணி, விருந்தாளி வந்திருக்காங்க போல. கூனிச் சம்பல் அரைச்சேன், மிச்சம் கெடக்கு." இஸ்தோப்பின் குட்டைச் சுவர்மேல் ஒரு கிண்ணத்தை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். பூனை கிண்ணத்தைத் திரும்பிப் பார்க்கவில்லை. அக்கா எழுந்துபோய் எடுத்துவந்தாள். சாப்பாட்டுக்குப் பிறகு கிண்ணம் கழுவப்பட்டு, இரண்டு வாழைப்பழத்தோடு அதே சுவருக்குத் திரும்பியது.

"அவங்களோட பேச மாட்டியா அக்கா?"

"யாரோட?"

"பக்கத்து வீட்டுல."

"சவரியம்மாவா? பேசி நாலு வருசமாச்சு."

முப்பது வருஷம் பக்கத்துப் பக்கத்து நிரையில் நின்று கொழுந்து பறித்தவர்கள். சண்டை டிஷ்ஷால் வந்தது. சவரியம்மாவின் மகன் கிரிக்கெட் பார்க்கக் கூரையில் டிஷ் வைத்தான், கூரை பொதுக்கூரை, ஆணி அடித்த இடம் அக்காவின் தலைக்கு மேலே. அன்றைய மழை ஒழுகி மாமாவின் படத்துக்குள் இறங்கியது. படத்தைப் பார்த்தேன். மாமாவின் இடது கன்னம் தேயிலைச் சாயம்போல் பழுப்பாகியிருந்தது.

"கிரிக்கெட்டுக்காக எம்புருசன் மூஞ்சியில தண்ணி ஊத்திட்டாங்க" என்றாள் அக்கா.

நிமிர்ந்து பார்த்தேன். ஓட்டை இருந்த இடத்தில் சாக்கும் தாரும் வைத்துக் கச்சிதமாக அடைத்திருந்தது.

"யாரு அடைச்சா?"

"யாருக்குத் தெரியும். நான் கோயிலுக்குப் போயிருந்தேன். கங்காணி ஏறி அடைச்சிருக்கும்."

எங்கள் உறையூர் அடுக்ககத்தில் எதிர்வீட்டுக்காரரோடு எனக்கு எந்தச் சண்டையும் இல்லை. இந்த நாலு வருஷத்தில் நாங்கள் நாலு வார்த்தையும் பேசியதில்லை.

இரண்டாம் நாள் காலை ஐந்து மணிக்கு அக்கா இருமினாள். சளி இல்லாத, காய்ந்த, ஒரே ஓர் இருமல். சுவருக்கு அந்தப் பக்கம் பானை மூடி ஒரு தடவை ‘டங்’ என்றது. அக்கா எழுந்து அடுப்பைப் பற்றவைத்தாள். கொஞ்ச நேரத்தில் சவரியம்மா கூடையை மாட்டிக்கொண்டு பெரட்டுக்கு, அதாவது காலையில் ஆள் கணக்கெடுத்து வேலை பிரிக்கும் இடத்துக்கு, இறங்கிப் போனாள். வயது தாண்டிய பிறகும் கூப்பிடும் நாட்களில் போகிறாள்.

அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்த அக்காவிடம் அன்றுதான் கேட்டேன். "என்கூட வந்துடு அக்கா. தாள் வேலையெல்லாம் விசாரிச்சுட்டேன். இனிமே ரெண்டு பேரும் ஒண்ணா இருப்போம்."

விரல் நிற்கவில்லை. "திருச்சியில வெயில் இப்ப எப்படி?"

"ஏசி போட்டிருக்கேன்."

"தண்ணி?"

"காவிரித் தண்ணி. குழாயத் திறந்தா வரும்."

"மாரியம்மன் கோயில் பக்கமா?"

"நடந்தே போகலாம்."

"கங்காணிக்கு யாரு சோறு வைப்பா?"

"பக்கத்துல வைப்பாங்கல்ல?"

"ம்" என்றாள்.

விண்ணப்பப் படிவம் நிரப்புகிறவளைப்போல ஒவ்வொரு கேள்விக்கும் பதில் எழுதிவிட்டேன். ஒரு கட்டமும் பாக்கியில்லை. அந்த ‘ம்’மைப் பாதிச் சம்மதமாக எடுத்துக்கொண்டு, மூட்டத்துக்குள் தேயிலைச் சரிவில் வெகுதூரம் நடந்தேன். பறிப்புக்காரப் பெண்களின் குரல்கள் உடல் இல்லாமல் மிதந்து வந்தன. இத்தனை பச்சையை வைத்துக்கொண்டு என் பிள்ளைப்பருவம் எப்படிக் கறுப்பு வெள்ளையாக நினைவில் தங்கியது?

மாலையில் சவரியம்மா இஸ்தோப்பில் கால் நீட்டி உட்கார்ந்து, அட்டை கடித்த இடத்தில் உப்புத் தேய்த்துக்கொண்டிருந்தாள். "கங்காணி, நாளைக்கு கிளினிக் நாளு. கார்ட எடுத்து வைக்கணும். அஞ்சே முக்கா பஸ்சு." உப்பைத் தட்டிவிட்டாள். "ஒனக்குச் சங்கதி தெரியுமாடா? சில பேரு இந்தியாவுக்குப் பெட்டி கட்டுறாங்களாம். செவுத்துக்கு அந்தப் பக்கம் இனிமே யாருடா இருமுவா?"

எனக்குத் தாங்கவில்லை. நாலு வருஷத்து ஊமைத்தனத்தை நான்தான் உடைக்க வேண்டும் என்று ஓர் ஆவேசம் வந்தது. எழுந்து நின்று, நல்லது செய்கிற குரலில் சொன்னேன்: "அக்கா, உன்னைத்தான் சொல்றாங்க. நீ போக வேணாம்னு சொல்றாங்க. சவரியம்மா, நீங்க நேராவே சொல்லுங்களேன், பத்தடிதானே!"

மழை நின்றதுபோல் இருந்தது. உண்மையில் நிற்கவில்லை.

"யாரு என்னைய என்ன சொன்னா?" என்றாள் அக்கா.

சவரியம்மா எழுந்தாள். முதல்முறையாக என் முகத்தைப் பார்த்தாள். "நான் பூனகிட்ட பேசுனேங்க, தங்கச்சி." உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். மழைக்காகக்கூட அந்தக் கதவைச் சாத்தி நான் பார்த்திருக்கவில்லை.

"ஒனக்கெதுக்கு இந்த வேல?" என்றாள் அக்கா.

மூன்றாம் நாள் ஐந்து மணிக்கு அக்கா இருமினாள். பானை மூடி சத்தம் போடவில்லை. கொஞ்சம் பொறுத்து மறுபடி இருமினாள். நான் போர்வைக்குள் விழித்துக் கிடந்தேன். சுவரின் அந்தப் பக்கம் ஆள் நடமாடுவது கேட்டது. வாளி, செருப்பு, தீப்பெட்டி. மூடி மட்டும் இல்லை.

கிளினிக்குக்கு நாங்கள் இருவர் மட்டும் போனோம். ஆஸ்பத்திரி பெஞ்சில் அக்கா ஓர் ஆள் இடத்தைப் பக்கத்தில் விட்டு உட்கார்ந்தாள்; நான் நெருங்கி அந்த இடத்தில் உட்கார்ந்தேன். நர்ஸ் கார்டை வாங்கிக்கொண்டு சிங்களத்தில் ஏதோ கேட்டாள். அக்கா தலையாட்டினாள்.

"என்ன கேட்டாங்க?"

"'இன்னொருத்தங்க எங்க? எப்பவும் ஒரு ஆளு எடம் விட்டு ஒக்காந்திருப்பாங்களே'ன்னு கேக்குறா."

ஒரு மாத்திரையை மாற்றிக் கொடுத்திருந்தார்கள். மருந்து கொடுக்கிறவர் வேகமாக விளக்கினார். அக்கா எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். வெளியே வந்ததும் என்ன சொன்னார் என்று கேட்டேன். "யாருக்கு வெளங்குச்சு? அவளுக்குத்தான் சிங்களம் வாசிக்க வரும்" என்றாள். ‘அவள்’ யார் என்று நான் கேட்கவில்லை.

பஸ் வருவதற்குத் தாமதமானது. கடை வாசலில் நின்று இரண்டு உளுந்து வடை வாங்கிப் பிய்த்தோம். வடையைப் பார்த்துக்கொண்டே அக்கா சொன்னாள்: "சரி. வாறேன்."

"எங்க?"

"ஒங்கூடத்தான். இங்க எனக்கு என்னா இருக்கு."

நாற்பது வருஷம் காத்திருந்த வார்த்தை. ஹட்டன் கடைத்தெருவில் வடை எண்ணெய்க் கையோடு அவளைக் கட்டிக்கொண்டேன். இந்த முறை நனையுது என்று அவள் சொல்லவில்லை. பஸ் ஏறியதும் ஜன்னலோரம் உட்கார்ந்து, எதிரே போகிற தேயிலைச் செடிகளை, வீட்டுக்கு வந்தவர்களை எண்ணுவதுபோலப் பார்த்துக்கொண்டு வந்தாள். வீட்டுக்கு வந்ததும் பரண்மேலிருந்து மாமாவின் பழைய பெட்டியை இறக்கி, தூசி தட்டி, மூன்று சேலையை மடித்து வைத்தாள்.

நான்காம் நாள் காலை மூன்று முறை இருமினாள். மூன்றாவது இருமலுக்குப் பிறகு அந்த இருட்டில் அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்பது எனக்குக் கேட்டது. எழுந்திருக்கவில்லை, அடுப்புப் பற்றவைக்கவில்லை. சுவரைப் பார்த்தபடி கிடந்தாள்.

நான் கேட்டது கிடைத்துவிட்டிருந்தது. வாயை மூடிக்கொண்டு இன்னும் ஒருநாள் இருந்தால் போதும். அவள் வருவாள், உறையூர் வீட்டில் எனக்கு எதிரே உட்கார்ந்து கல் இல்லாத கடை அரிசியில் கல் தேடுவாள். அதிகாலையில் இருமுவாள். எங்கள் சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பவர் காதை அடைக்கிற ஹெட்போன் மாட்டிக்கொண்டு நடைப்பயிற்சிக்குப் போகிறவர். எனக்கு அவள் வேண்டும். எவ்வளவு வேண்டும் என்பதை அந்த அரைமணி நேரத்தில்தான் அளந்தேன். கம்பளியின் நுனியைப் பல்லால் கடித்துக்கொண்டிருந்தேன்.

விடிந்ததும் மாத்திரை உறையை எடுத்துக்கொண்டு இஸ்தோப்புக்கு வந்தேன். சவரியம்மாவுக்கு அன்று வேலை இல்லை. சாத்திய கதவுக்குப் பின்னால் தேங்காய் துருவும் சத்தம். கங்காணி என்னை முறைத்தது. அதன் முன்னால் குந்தினேன்.

"கங்காணி" என்றேன். குரல் எனக்கே கூச்சமாக இருந்தது. "நான் ஊருக்குப் புதுசு. இங்க பேசத் தெரியாது. முந்தாநாள் வாய மூடிட்டு இருந்திருக்கணும்."

தேங்காய்ச் சத்தம் நின்றது.

"புது மாத்திரை குடுத்திருக்காங்க. எது காலையில, எது ராத்திரியில, எங்க ரெண்டு பேருக்கும் தெரியல. இதுல சிங்களத்துல எழுதியிருக்கு. வாசிக்கத் தெரிஞ்சவங்க யாராவது இந்த லயத்துல இருக்காங்களா?"

உறையைக் கிண்ணம் வைக்கிற சுவர்மேல் வைத்துவிட்டு உள்ளே வந்து, கதவுக்குப் பின்னால் நின்றேன். அக்கா கட்டிலில் உட்கார்ந்து என்னைப் பார்த்தாள்.

வெகுநேரம் பீலியில் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. பிறகு அந்தப் பக்கக் கதவின் கீல் முனகியது. செருப்புச் சத்தம். கண்ணாடிக் கூடு திறந்து மூடும் ‘டப்’.

"கங்காணி" என்றது சவரியம்மாவின் குரல், பள்ளிக்கூடத்தில் பாடம் வாசிப்பதுபோல. "வெள்ள மாத்திர காலையில, சாப்பாட்டுக்கு முன்னுக்கு. ரோசு மாத்திர ராவுல, சாப்புட்டதுக்குப் பொறவு. வெளங்குச்சா? ரெண்டையும் ஒண்ணா முழுங்கிட்டு அப்புறம் தல சுத்துதுன்னு ஒக்காரக் கூடாது. போன தடவ யாரோ அப்படித்தான் செஞ்சாங்க."

அக்கா உள்ளேயிருந்தே குரல் கொடுத்தாள். "கங்காணி, போன தடவ அப்படிச் செஞ்சது யாருன்னு கேளு. இங்க யாரும் செய்யல."

"செய்யலையாமே, கங்காணி. அப்ப பீலிக்கரையில விழுந்தது யாரு, நீயா?"

அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. சிரிப்பு அடங்குவதற்குள், "பூனைக்கு இருக்குற திமிரப் பாத்தியா" என்று என்னிடம் சொல்லிக்கொண்டே எழுந்துபோய் வெள்ளை மாத்திரையைத் தேடினாள்.

அன்று மத்தியானம் சுவர்மேல் பலாக்காய்க் கறி வந்தது. மாலையில் அக்கா மாமாவின் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள்.

"இந்தப் பெட்டிக்கு ஜிப்பு சரியில்ல" என்றாள்.

புதுப் பெட்டி வாங்கலாம் என்று நாக்கு நுனிவரை வந்தது. ஹட்டனில் கடை கடையாகத் தொங்குவதைப் பார்த்திருந்தேன். அதை விழுங்கிக்கொண்டேன்.

"ஆமாக்கா. சரியில்ல."

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். சேலைகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடியில் போட்டாள். மூன்றாவது சேலையைப் போடும்போது என் தலையை ஒரு தடவை தடவிவிட்டுப் போனாள், அங்கே தூசி இருந்ததுபோல.

ஐந்தாம் நாள் ஐந்து மணிக்கு ஓர் இருமல், ஒரு ‘டங்’. நான் போர்வைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டேன்.

கொட்டகலை ஸ்டேஷனுக்கு மூன்று பேரும் போனோம். பஸ்ஸில் சவரியம்மா எங்களுக்கு முன்னிருக்கையில், யாரோடும் வராதவளைப்போல. ஆனால் இறங்கும்போது என் பெரிய பை அவள் கையில் இருந்தது. பிளாட்பாரத்தில் பள்ளிப் பிள்ளைகள், மரக்கறி மூட்டைகள், ஈரக் கம்பளி வாசனை. ரயில் எப்போது வரும் என்று ஒருவர் கேட்டதற்கு, ஸ்டேஷன் ஊழியர் வானத்தைப் பார்த்தார். கேட்டவர் மூட்டைமேல் சாய்ந்து உட்கார்ந்தார். நானும் பெஞ்சைத் தேடி உட்கார்ந்தேன்.

ரயில் மூட்டத்தைக் கிழித்துக்கொண்டு வந்தபோது அக்காவின் கை சேலைக்குள் போனது. ஒரு துணிப் பொட்டலம். சூடு இன்னும் இருந்தது. அதை என் மடியில் வைத்தாளே தவிர, என்னைப் பார்க்கவில்லை. அதே ஸ்டேஷன், அதே தண்டவாளம். அவள் உதடு ஏதோ தொடங்கி மூடிக்கொண்டது. மறுபடி தொடங்கியது. கண் சுற்றிலும் தரையில் எதையோ தேடியது. எதைத் தேடுகிறாள் என்று எனக்குத் தெரிந்தது. அது லயத்தில், இஸ்தோப்பில், எல்லாரையும் முறைத்துக்கொண்டு படுத்திருக்கும்.

ஏறிக்கொண்டேன். கதவருகே நின்றேன். கீழே இருவரும், நடுவில் ஓர் ஆள் நிற்கும் இடைவெளி விட்டு.

அக்கா தண்டவாளத்தைப் பார்த்தபடி வாயைத் திறந்தாள். "சவரி" என்றாள்.

சவரியம்மாவின் கை ஜெபமாலைக்குப் போனது. திரும்பிப் பார்க்கவில்லை.

"சவரி, இவகிட்ட சொல்லு. ரொட்டியில ஓரமெல்லாம் பிச்சாச்சுன்னு சொல்லு." தொண்டையைச் செருமிக்கொண்டாள். "வாற வருசம் திருவிழாவுக்கு வரச் சொல்லு."

சவரியம்மா ஒரு கை தூரத்தில் நின்ற என்னிடம் நிமிர்ந்தாள், தொலைவிலிருந்து செய்தி கொண்டுவந்தவளின் முகத்தோடு. "ஓரம் பிச்சாச்சாம். திருவிழாவுக்கு வரச் சொல்றாங்க ஒங்கக்கா."

ரயில் ஓர் உலுக்கு உலுக்கி நகர்ந்தது. "வர்றேன்னு சொல்லுங்க" என்றேன். என் குரல் அக்காவுக்கும் கேட்டிருக்கும். இருந்தும் அவள் தலையைச் சாய்த்து, பக்கத்திலிருந்து வரவேண்டிய பதிலுக்காகக் காத்து நின்றாள்.

சவரியம்மா அவள் பக்கம் திரும்பினாள்.

"வாறாங்களாம், ராசம்மா."